வலது பக்கம்

கூத்தாநல்லூரில் பாகம் பிரித்தபோது
கொல்லைக் கிணற்றின் குறுக்கே கோடு போட்டவர்கள்
ஸ்பீக்கர் ஜோடியையும் விடவில்லை.
இடது, மூத்தவர் நெய்னா முகம்மதுக்கு.
வலது, இளையவர் சகாபுதீனுக்கு.
எழுபத்தெட்டில் அவர்கள் வாப்பா
சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது.
முதுகுத் தகட்டில் அடுத்தடுத்த எண்கள்:
4417, 4418.

நான் இடதை வாங்கினேன்.
ஒற்றை என்று தெரிந்தேதான்.

கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவன் நான்.
ஈரம் பதினேழு சதத்தைத் தாண்டினால்
மாமனார் நெல்லானாலும் திருப்பி அனுப்புகிறவன்.
இந்தப் பெட்டியின் துணியில் மூக்கை வைத்து
அத்தரும் பூஞ்சையும் கலந்த வாடையை இழுத்துவிட்டு
மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தேன்
ஆறாயிரம்.

வீட்டில் ஏற்கெனவே ஐந்து ஜோடி.
ஒன்று கட்டிலடியில்,
ஒன்றின் தலையில் மிக்ஸி,
ஒன்றுக்கு எலி காகிதக் கூம்பைத் தின்றுவிட்டது,
தின்றது தெரிந்தும் வைத்திருக்கிறேன்.
ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்து
வேதவல்லி சொன்னாள்:
"இவனாச்சும் தனியா வந்தானே. எடம் மிச்சம்."

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்
நீடாமங்கலத்தில் கரண்ட் சீராக வரும்.
இசைத்தட்டில் முள்ளை இறக்கினேன்.
தபலா இருந்தது.
பாடுகிறவள் இருந்தாள், நடுவில் இல்லை,
சுவரோரம் ஒதுங்கி.
புல்லாங்குழல் ஒன்று கேட்டது.
பதில் சொல்ல வேண்டிய கிடார்
வலது பக்கம், அதாவது
வெண்ணாற்றுக்குக் கீழே, பல மைல் தள்ளி
யார் வீட்டுப் பரணிலோ.

இரண்டையும் கலந்து ஒரே வாயில் ஊட்டும் பொத்தான்
ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது.
அமுக்கவில்லை.
இல்லாததை இல்லாததாகவே கேட்டுப் பழகினேன்.
பதில் வர எத்தனை நொடி என்பது
எனக்கு மனப்பாடம்.

சகாபுதீன் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.
டீ வாங்கிக் கொடுத்தார்.
"விக்கிறதுக்கில்ல" என்றார்.
"நீங்க கொடுங்க, பன்னெண்டாயிரம் தர்றேன்."
அதுதான் முடியாது என்றேன்.
அப்புறம் வருஷாவருஷம்
சம்பா அறுப்பு முடிகிற வாரத்தில் போன் வரும்.
"மனசு மாறிச்சா?"
"ஒங்களுக்கு?"
அண்ணன் பெயரை அவரும் எடுக்கவில்லை,
நானும் எடுத்ததில்லை.

இந்த ஐப்பசி விடாமல் பெய்தது.
வூஃபரைச் சுற்றிய ஃபோம் வளையம்
விரல் பட்டதும் புட்டாய் உதிர்ந்தது.
கோயம்புத்தூருக்குப் பேசினேன்.
"ஒத்தையா வராது சார், ஜோடியாத்தான்."
இரண்டு வந்தன.
மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.
விசிட்டிங் கார்டை நறுக்கி நடுவில் செருகி,
கூம்பு கோணாமல், பசை வழியாமல்
ஒன்றை ஒட்டினேன்.
இன்னொன்றைக் காலண்டர் ஆணியில் மாட்டினேன்,
நவம்பர் மாதத்தை அது வட்டமாய் மறைத்தது.
தேதி பார்க்க வேண்டுமென்றால்
வேதவல்லி அதை ஒதுக்கித்தான் பார்க்கிறாள்.

நேற்று போன்.
அறுப்புக்கு இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறது.
"ஒங்களோடது கரகரங்குதா?"
"கரகரத்துச்சு."
"இங்கயும். வளையம் பூரா மாவாப் போச்சு."
ஒரே பட்டறை, ஒரே வயசு, ஒரே மழை.
கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டியொன்று நெல் மூட்டைகளோடு
மெதுவாய், மிக மெதுவாய்க் கடந்தது.
வாசிக்காமல் கிடந்த ஆறு வூஃபரும் அலமாரிக் கண்ணாடியும்
ஒன்றாய் நடுங்கின.
அதுவரை இரண்டு பேரும் லைனில் இருந்தோம்.

"ஒரு வளையம் எங்கிட்ட இருக்கு" என்றேன்.
"ஒட்டத் தெரியாதே எனக்கு."
"பெட்டியத் தூக்கிட்டு வாங்க."
"விக்கிறதுக்கில்ல, ஆமா."
"வாங்குறதுக்கும் இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"ஒங்க ஊர்ல கரண்ட்
எத்தன மணிக்கு நல்லா வரும்?"